மலேசியாவின் தோட்டத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியத் தமிழர் என்றாலே ஒரே கூட்டம் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம். ரயில்வேயிலும் அரசாங்க ஆபீசிலும் எழுத்து வேலை பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் இன்னொரு பக்கம். பேசுவது தமிழ், கும்பிடுவது முருகனை, வந்து இறங்கிய காலமும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் இன்று நிற்கிற இடம் வேறு. ஏன் என்று இளையவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நான் தோட்டத்துப் பக்கத்தில் பிறந்தவன். அங்கே நின்றுகொண்டுதான் பதில் சொல்கிறேன்.

இவர்கள் எப்போது, எப்படி வந்தார்கள்?

தமிழ்நாட்டுக் கூலிகள் முதலில் வந்தது கரும்புக்கும் காப்பிக்கும். 1890களுக்குப் பிறகு ரப்பர் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. ஆரம்பத்தில் ஒப்பந்தக் கூலி முறை; அது 1910இல் நிறுத்தப்பட்டது. அதற்குள்ளேயே கங்காணி முறை வேரூன்றிவிட்டது. தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒருவரைத் துரை ஊருக்கு அனுப்புவார். அவர் தன் சொந்தக்காரர், பக்கத்து ஊர்க்காரர் என்று ஆள் சேர்த்து நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏற்றுவார். 1907இல் தொடங்கிய குடியேற்ற நிதியிலிருந்து கப்பல் கட்டணம் போனது. அந்த நிதிக்குத் தோட்ட முதலாளிகள்தான் பணம் கட்டினார்கள். ஆள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. அதனால் ஆளை வேலைக்கு இழுத்து வருவதும், தோட்டத்தை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வதும் அவர் கவலையாகிவிட்டது.

யாழ்ப்பாணத்தார் வந்த வழி வேறு. 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போட்ட மலாயாவின் முதல் ரயில் பாதைக்கே இலங்கையிலிருந்து ஆட்கள் வரவழைக்கப்பட்டார்கள். அதன் பிறகு ஸ்டேஷன் மாஸ்டர், கிளார்க், நில அளவையாளர், ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) என்று வரிசையாக வந்தார்கள். பெரும்பாலும் அண்ணனோ மாமாவோ எழுதிய கடிதத்தை நம்பி, கையில் ஒரு சான்றிதழோடு, தனியாகக் கப்பல் ஏறிய இளைஞர்கள்.

எண்ணிக்கையில்?

ஒப்பிடவே முடியாது. 1931 கணக்கெடுப்பில் மலாயாவில் இந்தியர் 6 லட்சத்துக்கும் மேல். அதில் பெரும்பான்மை தமிழர். இலங்கைத் தமிழர் 20,000க்கும் குறைவு. சிறிய கூட்டம் என்பதும் அவர்களுக்குக் கைகொடுத்தது. ஒருவரை ஒருவர் தெரியும். புதிதாக வருகிறவனுக்குத் தங்க இடமும் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க ஆளும் இருந்தது.

ஏன் யாழ்ப்பாணம்? தமிழ்நாட்டில் ஆங்கிலம் படித்தவர்கள் இல்லையா?

இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு மதராஸ் மாகாணத்திலேயே உத்தியோகம் இருந்தது. யாழ்ப்பாணத்தின் நிலை வேறு. அமெரிக்க மிஷன் 1816இல் அங்கே வந்தது. 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி, அடுத்த வருடமே உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளி. மிஷனுக்குப் போட்டியாக 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சைவர்களும் கிறிஸ்தவர்களும் போட்டி போட்டுப் பள்ளி கட்டியதில், ஆறு இல்லாத, கிணற்று நீரை நம்பிய அந்தச் சின்னக் குடாநாட்டில் படித்த பையன்கள் பெருகினார்கள். கொழும்பில் எல்லாருக்கும் வேலை கிடைக்கவில்லை.

அதே நேரத்தில் மலாயாவை ஆள வந்த வெள்ளைக்காரர்களில் பலர் இலங்கையில் வேலை பார்த்தவர்கள். பேராக் மாநிலத்தின் முதல் ரெசிடெண்ட் (சுல்தானுக்கு ஆலோசகராக இருந்த பிரிட்டிஷ் அதிகாரி) பர்ச் இலங்கை அரசுப் பணியிலிருந்து வந்தவர்தான். இலங்கையில் காப்பிச் செடி நோய் வந்து அழிந்ததும் தோட்டத் துரைகளும் இந்தப் பக்கம் வந்தார்கள். தங்களுக்குப் பழக்கமான கிளார்க்குகளையே அவர்கள் கேட்டார்கள். ஆக, பள்ளிக்கூடம் முதலில் வந்தது, அறிமுகம் அடுத்து வந்தது, அதற்குப் பிறகுதான் வேலை. தோட்டத்துக்கு வந்தவர்களுக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட வாய்க்கவில்லை. அவர்களை ஊரை விட்டுக் கிளப்பியது பஞ்சமும் கடனும் கூலி வேலையின் நிச்சயமின்மையும்.

சாதி இதில் எங்கே வருகிறது?

நடுவிலேயே வருகிறது. தோட்டத்துக்கு வந்தவர்களில் பெரும்பங்கு நிலமில்லாதவர்கள். ஆதி திராவிடர்கள் கணிசமாக இருந்தார்கள், மற்ற உழைக்கும் சாதியினரும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த உத்தியோகஸ்தர்களில் பெரும்பாலோர் வெள்ளாளர். அங்கே மிஷன் பள்ளியின் கதவுகூட எல்லாச் சாதிக்கும் ஒரே மாதிரி திறந்திருக்கவில்லை. இதை விட்டுவிட்டுப் 'படித்தார்கள், முன்னேறினார்கள்' என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

சம்பளத்தில் எவ்வளவு வித்தியாசம்?

தொகையைவிட சம்பளம் வந்த முறைதான் பெரிய வித்தியாசம். 1920களின் கடைசியில் முக்கியமான தோட்டப் பகுதிகளில் நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. வேலைக்குப் போனால்தான் அது. மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, கூலி குறையும். 1930இல் ரப்பர் விலை விழுந்ததும் அந்தக் கூலியையும் வெட்டினார்கள். ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள்.

அரசாங்கக் கிளார்க்குக்கு மாதச் சம்பளம். மழை பெய்தாலும் காய்ச்சல் வந்தாலும் மாதம் முடிந்தால் பணம். குடியிருக்கக் குவார்ட்டர்ஸ், லீவு, ஓய்வுக்குப் பிறகு பென்ஷன். அந்தப் பணம் மணியார்டராக யாழ்ப்பாணத்துக்குப் போய், நிலமாகவும் கல்வீடாகவும் தங்கைக்குச் சீதனமாகவும் தம்பியின் காலேஜ் கட்டணமாகவும் மாறியது. ஓய்வு பெற்று ஊர் திரும்பிய 'மலாயன் பென்ஷன்காரர்' யாழ்ப்பாணக் கிராமங்களில் தனி மரியாதையுள்ள ஆள். இலங்கைத் தமிழரசுக் கட்சியின் செல்வநாயகம் 1898இல் பிறந்தது ஈப்போவில். பள்ளிப் படிப்புக்கு யாழ்ப்பாணம் போனார். இரண்டு பக்கமும் கால் வைத்து வாழ அவர்களுக்கு முடிந்தது.

மாதம் இவ்வளவு வரும் என்று தெரிந்தவனால் பத்து வருடம் தள்ளி யோசிக்க முடியும். நாள் கூலிக்காரனுக்கு நாளைக்கு மழை வருமா என்பதே கவலை. மலேசியத் தோட்டத் தொழிலாளர்கள் மாதச் சம்பளம் கேட்டு 2000களின் தொடக்கம் வரை போராட வேண்டியிருந்தது என்பதைச் சேர்த்துப் பார்த்தால் இந்த வித்தியாசத்தின் நீளம் புரியும்.

தோட்டத்தில் பள்ளிக்கூடம் இருந்ததே? பிறகு ஏன் படிக்கவில்லை?

இருந்தது. 1923 தொழிலாளர் சட்டப்படி, ஏழிலிருந்து பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்டம் பள்ளி நடத்த வேண்டும். நடத்தினார்கள், பேருக்கு. பல தோட்டங்களில் கங்காணியோ, கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியோதான் வாத்தியார். எல்லா வகுப்புக்கும் ஒரே கொட்டகை. காலையில் அம்மா அப்பாவோடு மங்கு (பால் வடியும் கிண்ணம்) துடைக்கவும் ஒட்டுப்பால் (மரத்தில் ஒட்டிக் காய்ந்த பால்) பொறுக்கவும் போய்விட்டு வரும் பிள்ளை எந்தத் தெம்போடு படிக்கும்?

இதைவிடப் பெரிய சிக்கல், அந்தப் பள்ளி எங்கேயும் கொண்டுபோய் விடவில்லை. தொடக்கப் பள்ளியோடு தமிழ் முடிந்தது. மேலே படிக்க வேண்டுமென்றால் டவுனில் இருக்கும் ஆங்கிலப் பள்ளி. கோலாலம்பூரில் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் 1893இலேயே வந்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் பையனுக்கு அது எட்டிவிடும் தூரம். தோட்டத்துப் பையனுக்கோ முதலில் செம்மண் பாதை தாண்டி மெயின் ரோட்டுக்கு வர வேண்டும், பிறகு பஸ், பிறகு கட்டணம், பிறகு அறிமுகமே இல்லாத ஆங்கிலம். கோடீஸ்வரர் ஆனந்த கிருஷ்ணன் 1938இல் பிரிக்பீல்ட்ஸில் பிறந்தவர். யாழ்ப்பாண வம்சாவளி, அப்பா அரசு ஊழியர். முதலில் படித்தது விவேகானந்தா தமிழ்ப் பள்ளியில், பிறகு விக்டோரியா இன்ஸ்டிடியூஷனில். அவருடைய திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதே திறமை உள்ள ஒரு பிள்ளை அதே வருடம் ஒரு தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்திருந்தால் அதற்குக் கிடைத்திருக்கக்கூடியது உளியும் வாளியும்தான்.

இரண்டு சமூகமும் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பழகினார்கள்?

தோட்டத்தில் அவர்கள் தினமும் சந்தித்த இடம் பெரட்டுக் களம், அதாவது காலையில் ஆள் கணக்கு எடுக்கும் திடல். விடியும் முன்னே, ஐந்து மணி வாக்கில், வாளியும் அதைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்புமாகத் தொழிலாளர்கள் வரிசையில் நிற்பார்கள். எதிரே விளக்கு வெளிச்சத்தில் செக்ரோல் என்ற வருகைப் பதிவுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர். பேர் கூப்பிடுவார். பேர் விழுந்தால் அன்றைக்கு வேலை; தாமதமாக வந்தால் திரும்பிப் போக வேண்டியதுதான். அந்தக் கிராணி பல தோட்டங்களில் மலையாளி, பல தோட்டங்களில் யாழ்ப்பாணத்தார். துரை பேசும் ஆங்கிலமும் தொழிலாளி பேசும் தமிழும் இரண்டும் தெரிந்தவர். துரையின் கோபம் தொழிலாளிக்கு வந்து சேர்ந்தது அவர் வாய் வழியாக.

அதனால் கசப்பு இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது: துரையோ தோட்டத்து உத்தியோகஸ்தரோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். யோசித்துப் பாருங்கள், வெள்ளைக்காரருக்கு மட்டுமல்ல, அவர் கீழே வேலை பார்த்த ஆசியர்களுக்கும் இறங்க வேண்டியிருந்தது. வேலைநிறுத்தத்தை ராணுவத்தை வைத்து அடக்கினார்கள்; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

டவுனிலும் பெரிதாகக் கலக்கவில்லை. யாழ்ப்பாணத்தாருக்கென்று சங்கம், கூட்டுறவுச் சங்கம், பிரிக்பீல்ட்ஸில் கந்தசுவாமி கோவில். பெண் எடுப்பது கொடுப்பது எல்லாம் தங்களுக்குள்ளே அல்லது ஊரிலிருந்து. 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இருவரும் தோளோடு தோள் நின்ற காலமும் உண்டு. 1943இல் நேதாஜி இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையைத் தொடங்கியபோது பால் வெட்டிய பெண்களும் சேர்ந்தார்கள், ஈப்போவின் இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பெண்ணான ராசம்மா பூபாலனும் சேர்ந்தார்.

ஜப்பான்காரன் காலம் இருவரையும் ஒரே மாதிரி பாதித்ததா?

பசி இருவருக்கும் பொது. ஆனால் சயாம் (தாய்லாந்து) மரண ரயில் பாதைக்குப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனது தோட்டத்து ஆட்களைத்தான். காலராவிலும் மலேரியாவிலும் அடியிலும் செத்தவர்களுக்குக் கணக்குகூட ஒழுங்காக இல்லை. தாத்தா சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை என்ற ஒரு வரி பல தோட்டக் குடும்பங்களில் உண்டு. சம்பாதிக்கும் ஆண் போன வீட்டில் பிள்ளைகள் பத்து வயதில் பால் காட்டுக்குப் போனார்கள். அந்த இழப்பை ஈடுகட்டச் சேமிப்போ நிலமோ அவர்களிடம் இருக்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை சமமாகியிருக்க வேண்டாமா?

1957 குடியுரிமையை எடுத்துக்கொள்ளுங்கள். சுதந்திரத்துக்கு முன்னே பிறந்தவர்களில் பலர் விண்ணப்பித்து வாங்க வேண்டியிருந்தது. விண்ணப்பப் படிவம் நிரப்புவதே தொழிலாக இருந்தவர்களுக்கு அது ஒரு நாள் வேலை. தோட்டத்தில் பிறப்புப் பத்திரமே இல்லாதவர்கள் இருந்தார்கள். 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று சட்டம் நடைமுறைக்கு வந்ததும் பல்லாயிரம் பேர் தங்கள் வாழ்நாளைக் கழித்த நாட்டை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாளக் கார்டோடு முதுமையடைந்தவர்கள் இன்றும் உண்டு.

1971இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை பூமிபுத்ராக்களுக்கு (மலாய்க்காரருக்கும் மற்றப் பூர்வகுடியினருக்கும்) உயர்கல்வியிலும் அரசு வேலையிலும் முன்னுரிமை கொடுத்தது. இது இரண்டு தமிழ்ச் சமூகத்தையும் அடித்தது. யாழ்ப்பாணத்தாரின் கோட்டையான அரசு உத்தியோகம் கைநழுவியது. ஆனால் அவர்களிடம் மாற்று வழி இருந்தது: சேமிப்பை எடுத்துப் பிள்ளையை இந்தியாவுக்கோ இங்கிலாந்துக்கோ அனுப்பி டாக்டராகவும் வக்கீலாகவும் ஆக்கினார்கள். பலர் ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்டார்கள். தோட்டத் தொழிலாளியிடம் விற்க நகைகூட இல்லை. வறுமை ஒழிப்பு என்று அந்தக் கொள்கை சொன்னது. ஆனால் தோட்டம் தனியார் நிலம் என்பதால், கிராமங்களுக்குப் போன ரோடும் தண்ணீரும் மின்சாரமும் லயங்களுக்குப் பல வருடம் வந்து சேரவில்லை.

தோட்டங்கள் போன பிறகு என்ன ஆனது?

என் கணிப்பில் இரண்டு சமூகத்தின் இன்றைய தூரத்துக்கு மிகப் பெரிய காரணம் இதுதான், குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

தோட்டத்தில் வீடு என்பது வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடு போகும். பள்ளி, கோவில், ஆயாக் கொட்டகை (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), ஆஸ்பத்திரி, வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த மாடு, கீரைப் பாத்தி எல்லாம் கம்பெனி நிலத்தில். மூன்று தலைமுறை உழைத்த குடும்பத்தின் பேரில் ஒரு சதுர அடி கிடையாது. 1950களிலேயே வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுதுண்டாக விற்க ஆரம்பித்தபோது இது வெளியே தெரிந்தது. அப்போது மலாயா இந்தியர் காங்கிரஸ் கட்சியின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், ஆளுக்குப் பத்து வெள்ளி (அன்றைய டாலர்) சேருங்கள், நாமே தோட்டம் வாங்கலாம் என்று கேட்டு 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பினார். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அப்படி வாங்கியது. தோட்டத் தமிழருக்காக யாரும் செய்த காரியங்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். ஆனால் வாங்கியதைவிடக் கைமாறியது பல மடங்கு.

1980களுக்குப் பிறகு ரப்பர் போய்ச் செம்பனை (பாமாயில் தரும் பனை), செம்பனையும் போய் வீடமைப்பு, கோல்ப் மைதானம், நெடுஞ்சாலை. வேலைக்கு இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும் வந்தார்கள். நிர்வாக நகரமான புத்ராஜெயா இருக்குமிடம் பெராங் பெசார் முதலான தோட்டங்கள். அங்கே பால் வெட்டியவர்களை டெங்கிலில் தாமான் பெர்மாத்தா என்ற அடுக்குமாடிக்குக் கொண்டுபோனார்கள். சுவரில் விரிசல் விழுந்த அந்த வீடுகளுக்காக அவர்கள் பல வருடம் மனு மேல் மனு கொடுத்தார்கள். நாட்டின் மிக விலையுயர்ந்த நிலங்களில் ஒன்றைக் காடு வெட்டிக் கழனியாக்கியவர்களுக்குக் கிடைத்தது அது.

பலருக்கு அதுவும் இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்குக் குடிசைகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். தோட்டத்தில் எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொள்வார்கள். அடுக்குமாடியில் அம்மாவும் அப்பாவும் ஷிப்டுக்குப் போய்விட்டால் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. பால் வெட்டத் தெரிந்த நாற்பது வயதுக்காரருக்கு டவுனில் செக்யூரிட்டி வேலையும் லாரி வேலையும்தான். குண்டர் கும்பல் பிரச்சினையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இங்கேயிருந்து பேச ஆரம்பிக்க வேண்டும். 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் ஹிண்ட்ராப் என்ற இந்து உரிமை அமைப்பின் பேரணியில் ஆயிரக்கணக்கில் திரண்டவர்கள் சுமந்து வந்த ஆற்றாமையும் இதுதான்.

'அவர்கள் சிக்கனமாக இருந்தார்கள், நாம் குடித்துக் கெட்டோம்' என்று நம் பெரியவர்களே சொல்கிறார்களே?

சொல்கிறார்கள், கேட்கும்போது வலிக்கிறது. குடி சீரழித்தது உண்மை. ஆனால் கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள் வைத்தது யார்? நிர்வாகம். கள்ளுக்கடைகளை மூடு என்று 1941 வேலைநிறுத்தத்தில் கேட்டது யார்? தொழிலாளர்கள். பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கிய மக்களைச் சிக்கனம் தெரியாதவர்கள் என்று எப்படிச் சொல்வது? மிச்சம் பிடிக்க முதலில் மிஞ்ச வேண்டும்.

அரசாங்கப் புள்ளிவிவரப்படி இந்தியர்களின் வருமானம் பரவாயில்லையே?

2019 கணக்கெடுப்பில் இந்தியக் குடும்பங்களின் இடைநிலை மாத வருமானம் 5,981 ரிங்கிட். பூமிபுத்ராக்களுக்கு 5,420, சீனர்களுக்கு 7,391. இதைக் காட்டித்தான் 'இந்தியர்களுக்கு என்ன குறை' என்கிறார்கள். இந்த 'இந்தியர்' கட்டத்துக்குள் பங்சாரில் கிளினிக் வைத்திருக்கும் யாழ்ப்பாண வம்சாவளி டாக்டரும், மலையாளி எஞ்சினியரும், குஜராத்தி வியாபாரியும், தோட்டத்தை விட்டு வெளியேறிய செக்யூரிட்டி கார்டும் ஒன்றாக இருக்கிறார்கள். இன்னொன்று: இந்தியர்களில் பெரும்பான்மை நகரவாசிகள். கோலாலம்பூர் வாடகை கொடுத்து வாழ்பவரின் 5,000 ரிங்கிட்டும், சொந்த மண்ணில் வீடு உள்ள கம்பத்துக்காரரின் (மலாய்க் கிராமத்தவரின்) 5,000 ரிங்கிட்டும் ஒன்றல்ல. வருமானத்தை மட்டும் கேட்காமல், வீடு யார் பேரில், அப்பா என்ன வேலை பார்த்தார் என்றும் கேட்டால் வேறு படம் கிடைக்கும்.

யாழ்ப்பாணத்தார் எல்லாரும் வசதியானவர்களா?

இல்லை. ரயில்வேயில் சின்னச் சம்பளத்தில் பெரிய குடும்பத்தை இழுத்தவர்கள், சீதனக் கடனில் முழுகியவர்கள், கணவன் இறந்து குவார்ட்டர்ஸைக் காலி செய்த விதவைகள் எல்லாம் உண்டு. ஆனால் அங்கே ஒரு குடும்பம் விழுந்தால் பிடிக்கச் சங்கமும் படித்த சொந்தக்காரர்களும் இருந்தார்கள்.

தோட்டத்துப் பிள்ளைகள் மேலே வரவில்லையா?

நிறைய வந்திருக்கிறார்கள். 1982இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தின் டியூஷன் வகுப்புகள் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பின. 500க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இன்னும் நடக்கின்றன. அவற்றில் பல தோட்டம் காலியான பிறகு டவுனுக்கு இடம் மாறியவை. இன்று மேல் சம்பளத்தில் இருக்கும் தோட்டத்து வாரிசுகளைக் கேட்டால் பெரும்பாலும் ஒரு வாத்தியார் பேரையோ, தன் சங்கிலியை அடகு வைத்த அம்மாவையோ சொல்வார்கள். மாதச் சம்பளமும் பக்கத்தில் நல்ல பள்ளியும் இருந்திருந்தால் அந்தச் சங்கிலி அடகுக்கே போயிருக்காது.

என் குடும்பம் எந்த வழியாக வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தாத்தா பாட்டியின் பழைய பிறப்பு, திருமணப் பத்திரங்களைத் தேடுங்கள். தொழில், முகவரி போட்டிருந்தால் அதுவே பாதி விடை. தோட்டத்தின் பேர் ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் மக்கள் கூப்பிட்டது வேறு என்று இருக்கும், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகமான அர்கிப் நெகாராவில் காலனிக் காலக் கோப்புகள் உள்ளன. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி இணையத்தளத்தில் பழைய மலாயாப் பத்திரிகைகளைத் தேடலாம். ரயில்வே, அரசுப் பணி இடமாற்றச் செய்திகளில் யாழ்ப்பாணப் பேர்கள் நிறையத் தென்படும். தோட்டத் தொழிலாளியின் பேர் பத்திரிகையில் வருவது அபூர்வம். அதனால் எண்பது வயதைத் தாண்டிய பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், காப்பகத்துக்குப் போகும் முன் அவரிடம் போய் உட்காருங்கள். எந்தத் தோட்டம், எந்த லயம், கங்காணி யார், ஊரில் எந்தக் கிராமம் என்று கேட்டுப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.